புல்லுக்கும் ஓய்வு வேண்டும்



நம் நாட்டுக் கமக்காரர் நெல்லைப் பயிர் என்பர். வெங்காயம், மிளகாய், புகையிலை, குரக்கன் ஆகியவற்றையும் பயிர் என்பர். அவற்றுக்கு உழவு உண்டு, எரு உண்டு, நீர் இறைக்கும் முறை உண்டு, அறுவடைக்கு நாளும் உண்டு. புல்லை மட்டும் எவரும் பயிரென்று சொல்வதில்லை. அது தானே முளைப்பது, தானே வளர்வது, மாடு தின்று தீர்ப்பது என்று விட்டுவிடுகின்றோம். மழை பெய்தாற் புல் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை என்பதே நமது கணக்கு.

ஆயினும், நமது தொழுவத்தில் நிற்கும் பசு தரும் பாலிற் பெரும்பங்கு அந்தப் புல்லிலிருந்தே வருகின்றது. தவிடும் பிண்ணாக்கும் விலையேற விலையேற, புல்லை நம்பியிருப்போர் தொகையும் கூடுகின்றது. அவர்களுட் சிலர், பிறர் சொற்கேட்டு, ஒரு மூடை யூரியாவை வாங்கி மேய்ச்சற்றரையில் வீசிவிடுகின்றனர். சில இடங்களிற் புல் செழித்து வளர்கின்றது. சில இடங்களில் யாதொரு மாற்றமும் தெரிவதில்லை. வேறு சில இடங்களில், பச்சைப் பசேலென்று வளர்ந்த புல்லைத் தின்ற மாடு அன்று மாலையே விழுந்து இறந்துபோகின்றது. ஒரே பசளை மூன்று இடங்களில் மூன்று விதமாகப் பலன் தருவது ஏன் என்பதைத்தான் இன்று ஆராயப் போகின்றோம். சுருங்கக் கூறின், புல்லுக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்தவனுக்கே பசளை பயன்படும். ஓய்வு இல்லாத தரையில் இட்ட பசளை, ஓட்டைக் குடத்தில் வார்த்த நீர்.

இதனை விளங்கிக்கொள்வதற்குப் புல்லின் வாழ்க்கையைச் சிறிது அறிதல் வேண்டும். புல்லின் இலை, சூரிய ஒளியையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் கொண்டுவரும் நீரையும் சேர்த்து உணவு சமைக்கின்றது. அவ்வுணவின் ஒரு பகுதி புதிய இலையாகின்றது. இன்னொரு பகுதி அடித்தண்டிலும் வேரிலும் சேமிக்கப்படுகின்றது. மாடு இலையைக் கடித்து எடுத்தவுடன், சமையற்கூடம் மூடப்பட்டுவிடுகின்றது. அப்பொழுது புல், அடித்தண்டிற் சேமித்த பணத்தை எடுத்துச் செலவிட்டே புதிய இலையை விடுகின்றது. புதிய இலை விரிந்து, அது மீண்டும் சமைக்கத் தொடங்கிய பின்னரே எடுத்த பணம் திரும்பக் கட்டப்படுகின்றது. கட்டி முடியுமுன் மாடு மறுபடியும் வந்து கடித்தால், புல் கடன்மேற் கடன்படுகின்றது. மூன்றாம் முறையும் நான்காம் முறையும் அவ்வாறே நிகழ்ந்தால், வேர் சிறுத்து, தூர் குறைந்து, இறுதியிற் புல் மாண்டுபோகின்றது.

அமெரிக்காவில் கிரைடர் என்பவர் 1955ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. பல வகைப் புற்களின் இலைகளை வெவ்வேறு அளவில் வெட்டி, வேருக்கு நேர்வதை அவர் கவனித்தார். இலையின் பாதிக்குக் குறைவாக வெட்டியபோது வேர் தன்பாட்டில் வளர்ந்தது. பாதிக்கு மேல் வெட்டியபோது வேர் வளர்ச்சி தடைப்பட்டது. பெரும்பகுதியை வெட்டியபோதோ, வேர் நாட்கணக்காக அசையாமல் நின்றுவிட்டது. மண்ணுக்கு மேலே மாட்டின் வாய் செய்வது, மண்ணுக்குக் கீழே வேரிலும் நிகழ்கின்றது என்பது இதன் பொருள். வேர் நின்றுபோன வேளையிற் பசளையை உறிஞ்சுவது எது? அவ்வேளையில் இடும் பசளை, கடிபடாமல் நிற்கும் களைக்கே உணவாகின்றது. அல்லது மழையோடு கரைந்து ஓடிவிடுகின்றது.

கடிபட்ட புல் மீண்டும் வளரும் வேகமும் எந்நாளும் ஒன்றாயிருப்பதில்லை. முதற் சில நாட்களில் வளர்ச்சி மிக மெதுவானது. போதிய இலை விரிந்தபின் அது பாய்ந்து வளர்கின்றது. பின்னர்ப் பூக்கும் பருவம் நெருங்கும்போது வேகம் தணிந்து, தண்டு தடித்து, நார் மிகுந்து, சத்துக் குறைகின்றது. பாய்ந்து வளரும் காலம் முடிவடையும் தறுவாயில் மாட்டை விடுவதே நன்று. அதற்கு முந்தினால் அளவு குறையும். பிந்தினாற் சத்துக் குறையும்.

பிரான்சு நாட்டில் நோர்மண்டிப் பிரதேசத்தில் அந்திரே வுவாசின் என்ற உயிரியல் இரசாயன அறிஞர் ஒருவர் இருந்தார். அவர் பண்ணையும் நடத்தியவர். பசு எவ்வாறு மேய்கின்றது, புல் எவ்வாறு திரும்ப வளர்கின்றது என்பவற்றைத் தம் பண்ணையிற் கூர்ந்து நோக்கி, 1957ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். மேய்ச்சலில் எத்தனை மாடுகள் நிற்கின்றன என்பதை எண்ணுவதோடு அமையாது, எத்தனை நாள் நிற்கின்றன, எத்தனை நாள் கழித்துத் திரும்புகின்றன என்பவற்றையும் எண்ண வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவர் கூறிய விதிகளுள் இரண்டு நமக்கு இன்றியமையாதவை. முதலாவது, இரு மேய்ச்சல்களுக்கிடையே புல் தன் சேமிப்பை நிரப்பிக்கொள்ளப் போதிய ஓய்வு வேண்டும். இரண்டாவது, ஒரு துண்டில் மாடு நிற்கும் காலம் மிகக் குறுகியதாயிருத்தல் வேண்டும். முதல்நாட் கடித்த புல் துளிர்த்து, அதே மாடு அதனை இரண்டாம் முறை கடிக்க இடம் வைக்கக் கூடாது.

நமது வழக்கத்தை இவ்விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு பக்கமும் வேலியடைத்த ஒரே நிலத்தில் மாடு ஆண்டு முழுவதும் நிற்கின்றது. மாடு எல்லாப் புல்லையும் ஒன்றுபோல் மேய்வதன்று. நேற்றுக் கடித்த இடத்தில் இன்று துளிர்த்த இளம்புல்லே அதற்கு இனிப்பு. ஆகவே அதனையே தேடித்தேடி நாள்தோறும் கடிக்கின்றது. முற்றிய புல்லையும் சாணம் விழுந்த இடத்தையும் ஒதுக்கிவிடுகின்றது. நல்ல புல் ஓய்வின்றி அழிய, நாயுண்ணியும் தொட்டாற்சுருங்கியும் பார்த்தீனியமும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சில ஆண்டுகளில், “இந்த மண்ணிற் புல் வராது” என்று மண்மீது பழி போடுகின்றோம்.

இதற்கு மாற்று, நிலத்தைத் துண்டுகளாகப் பிரித்து, மாட்டை ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் விடுவது. துண்டுகள் எத்தனை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஓய்வு நாட்களை, மாடு நிற்கும் நாட்களாற் பிரித்து, ஒன்றைக் கூட்டுக. புல்லுக்கு 28 நாள் ஓய்வும், ஒரு துண்டில் மாட்டுக்கு 4 நாளும் என்று கொண்டால், 28ஐ 4ஆற் பிரிக்க 7. ஒன்று கூட்ட 8 துண்டுகள். இரண்டு ஏக்கர், அதாவது 32 பரப்பு நிலமுடையவர், துண்டுக்கு 4 பரப்பாக 8 துண்டுகள் அமைக்கலாம். எல்லைக்குச் சீமைக்கிளுவைக் கதியால் நட்டால் வேலியுமாகும், வறட்சிக்குக் குழையுமாகும். வசதியுள்ளவர் சூரிய ஒளியில் இயங்கும் மின்வேலியை ஒரு கம்பியாக இழுத்துக்கொள்ளலாம். எல்லாத் துண்டுகளிலிருந்தும் நீர்த்தொட்டிக்குச் செல்ல வழி இருத்தல் அவசியம்.

அந்நிலம் எத்தனை மாடுகளைத் தாங்கும் என்பதையும் நாமே கணிக்கலாம். மேய்ச்சலுக்கு ஆயத்தமான துண்டில், ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் கொண்ட சதுரத்தை அளந்து, புல்லை வெட்டி நிறுத்துப் பாருங்கள். மூன்று நான்கு இடங்களில் அவ்வாறு செய்து சராசரி எடுங்கள். ஒன்றேகாற் கிலோ வருகின்றது என்று கொள்வோம். நான்கு பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீற்றர். ஆகவே அத்துண்டில் 1,250 கிலோ பச்சைப்புல் உண்டு. மிதிபடுவதும், அடித்தூராக விடவேண்டியதும் போக, பாதியே மாட்டுக்கு. அது 625 கிலோ. 300 கிலோ நிறையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு 9 கிலோ அளவு உலருணவு வேண்டும். பச்சைப்புல்லாக அது ஏறத்தாழ 45 கிலோ. நான்கு நாளுக்கு 180 கிலோ. ஆகவே அந்த இரண்டு ஏக்கர் மூன்று பசுக்களைத் தாங்கும். நான்காவது பசுவைக் கட்ட விரும்புபவர், அதற்கு வேறெங்கோ வெட்டுப்புல் தேடிக்கொண்ட பின்னரே கட்டல் வேண்டும்.

ஒன்றிரண்டு பசுக்களை மட்டும் முளையடித்துக் கட்டி மேய்ப்போரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஐந்து மீற்றர் கயிறு சுற்றிவரும் வட்டம் ஏறத்தாழ 78 சதுர மீற்றர். மேற்கூறிய விளைச்சலுள்ள தரையில் அது ஒரு பசுவுக்கு ஒரு நாள் உணவு. நாளுக்கு ஒருமுறை முளையை மாற்றி, கட்டிய இடத்துக்கு நான்கு வாரம் கழித்தே திரும்ப வருவதாயின், பன்னிரண்டு பரப்பு நிலம் ஒரு பசுவுக்குப் போதுமானது. வேலிச் செலவு சிறிதும் இல்லை. முளையை மாற்றும் ஒழுங்கு ஒன்றே வேண்டியது.

இருபத்தெட்டு நாள் என்பது நல்ல மழைக்காலத்துக் கணக்கு. மழை குறைந்தால் ஓய்வு நாற்பது நாளாகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஆகவே பஞ்சாங்கத்தைப் பாராது புல்லின் உயரத்தைப் பார்த்தே மாட்டை விட வேண்டும். கினிப்புல்லைப் போலத் தூராக நிமிர்ந்து வளரும் புல், முழங்காலைக் கடந்த பின்னரும் பூக்குமுன்னரும் மேயத் தகுந்தது. ஒரு சாண் அடித்தூர் எஞ்சும்போதே மாட்டை வெளியேற்ற வேண்டும். மலைநாட்டுக் கிக்கியுப் புல்லைப் போலப் படர்ந்து வளர்வன, ஒரு சாண் உயர்ந்ததும் மேயலாம். நான்கு விரற்கடை மிச்சமாக விட வேண்டும். எஞ்சிய அந்த அடிப்புல்லை வீணென்று எண்ண வேண்டாம். அடுத்த மேய்ச்சலுக்கு இட்ட முதல் அதுவே.

இனிப் பசளைக்கு வருவோம். புல்லுக்கு வேண்டிய பெருஞ்சத்துக்கள் மூன்று. நைதரசன் இலையைப் பெருக்குகின்றது. பொசுபரசு வேரை ஊன்றச் செய்கின்றது. பொற்றாசியம் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலுவைத் தருகின்றது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அமோனியம் சல்பேற்றில் ஏறத்தாழ 21 பங்கு. மழைக்காலத்தில், ஓய்வு பெறும் தரையில் இட்ட ஒரு கிலோ நைதரசன், ஏறத்தாழ 20 முதல் 30 கிலோ வரை உலர்புல்லை மேலதிகமாகத் தரவல்லது.

நமது நான்கு பரப்புத் துண்டுக்குப் பரப்புக்கு ஒன்றேகாற் கிலோ வீதம் 5 கிலோ யூரியா இடுவதாக வைத்துக்கொள்வோம். அதிலுள்ள நைதரசன் 2.3 கிலோ. அது தரும் மேலதிக உலர்புல் ஆகக்குறைந்தது 46 கிலோ. ஒரு பசுவுக்கு நாளுக்கு 9 கிலோ என்றால், ஐந்து நாள் உணவு. ஐந்து கிலோ யூரியாவின் விலையையும், ஒரு பசு ஐந்து நாளிற் கறக்கும் பாலின் விலையையும் நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் இக்கணக்கு மூன்று நிபந்தனைகளோடு கூடியது. மண்ணில் ஈரம் இருத்தல் வேண்டும். புல் தூர் கெடாமல் இருத்தல் வேண்டும். விளைந்த புல்லைத் தின்ன மாடு இருத்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் ஐந்து நாள் உணவு கைக்கு வராது.

பசளையிடும் வேளை, மாடு துண்டைவிட்டு நீங்கிச் சில நாள் கழித்து, புதிய துளிர் தலைகாட்டும் பொழுது. வெயில் எரிக்கும் ஈரத்தரையின் மேல் யூரியாவைத் தூவி விட்டுவிட்டால், அது அமோனியா வாயுவாக மாறிக் காற்றோடு போய்விடும். தூவியபின் மெல்லிய மழை பெய்தால், அல்லது நீர் பாய்ச்சினால், அது மண்ணுள் இறங்கிவிடும். கொட்டும் பெருமழைக்கு முன் இட்டாலோ, வாய்க்காலில் ஓடிக் கிணற்றையும் குளத்தையும் சேரும். இலை நனைந்திருக்கும்போது தூவினால் இலை கருகும். ஆகவே மாலை வேளையில், இலை உலர்ந்திருக்க, மறுநாள் மழைக்கு அறிகுறி தெரியும்போது இடுவது நன்று.

எல்லா மண்ணுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. மலைநாட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை மிக்கது. அங்கு நைதரசனுக்கு முன் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நம் நாட்டிலேயே அகழ்ந்தெடுக்கப்படும் தொலமைற்றுத் தூள் அதற்கு ஏற்றது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் 1971ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்ட பாறைப் பொசுபேற்றும் அத்தகைய அமில மண்ணிலே மெல்லமெல்லக் கரைந்து பல ஆண்டு பயன்தரும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலைமை வேறு. அங்கு மண்ணுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அம்மண்ணுக்குத் தொலமைற்றும் வேண்டா. பாறைப் பொசுபேற்று அதில் எளிதிற் கரைவதுமில்லை. யூரியா வாயுவாகிப் போகும் இழப்பும் அங்கு அதிகம். ஆகவே இட்டவுடன் நீர் பாய்ச்சுதல் அவசியம். தென்னந்தோட்டத்திற் புல் வளர்ப்போர், மரத்தடி வட்டத்தைப் புல்லின்றி வைத்து, தென்னைக்குரிய பசளையைத் தனியே இட வேண்டும். இல்லையேற் புல்லும் தென்னையும் ஒன்றின் உணவை மற்றொன்று பறிக்கும். எந்த மண்ணாயினும், மண்ணைப் பரிசோதித்து, விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனைப்படி அளவைத் தீர்மானிப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

கடையில் வாங்கும் பசளையைப் பற்றி இவ்வளவு கூறினோம். நம் தொழுவத்திலேயே ஒரு பசளைச் சாலை உண்டு. மாடு புல்லோடு தின்னும் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவற்றில் முக்காற் பங்குக்கு மேல் சாணமாகவும் சலமாகவும் வெளியே வந்துவிடுகின்றது. பாலாகவும் தசையாகவும் தங்குவது சிறு பகுதியே. பொசுபரசு அனேகமாக முழுவதும் சாணத்தில் உண்டு. பொற்றாசியத்திற் பெரும்பகுதியும் நைதரசனிற் பாதியளவும் சலத்தில் உண்டு. சலத்தை வீணாக விடுபவர், பொற்றாசியத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியவராகின்றார்.

இச்செல்வம் விழும் இடத்தைக் கவனியுங்கள். திறந்த மேய்ச்சலில் மாடு வெயிலுக்கு ஒதுங்கும் மரநிழலிலும், படலையடியிலும், நீர்த்தொட்டியைச் சுற்றியும் சாணம் குவிகின்றது. தரையின் நடுப்பகுதி ஆண்டுக்காண்டு வறிதாகின்றது. துண்டுகளாகப் பிரித்து மேய்க்கும்போது சாணமும் சலமும் பரவலாக விழுகின்றன. மாடு நீங்கியபின் சாணக் குவியல்களை வாரியாற் கலைத்துவிட்டால், அவ்விடத்துப் புல்லும் விரைவில் மேயத் தகுந்ததாகும்; இல்லையேல் மாடு பல வாரங்களுக்கு அதனை அணுகாது. புல்லை வெட்டிக் கொண்டுசென்று தொழுவத்தில் இடுவோர் இன்னொன்றை மறத்தலாகாது. வெட்டிய புல்லோடு நிலத்தின் சத்தும் புறப்பட்டுப் போகின்றது. தொழுவத்து எரு முழுவதும் புகையிலைக்கும் வெங்காயத்துக்கும் போய்விட்டால், புல் நின்ற நிலம் பட்டினி கிடக்கும். எடுத்த இடத்துக்கு ஒரு பங்கையாவது திருப்பிக் கொடுத்தல் வேண்டும்.

நம் முன்னோர் இதனை அறியாதவர் அல்லர். அறுவடை முடிந்த வயலிலும் தோட்டத் தரையிலும் இரவிற் பட்டி அடைத்து, சில நாளுக்கொருமுறை பட்டியை நகர்த்தி, நிலம் முழுவதையும் எருவூட்டும் வழக்கம் வடக்கிலும் கிழக்கிலும் நெடுங்காலமாக உண்டு. சுமக்கும் கூலியின்றிச் சாணமும் சலமும் ஒருங்கே நிலத்திற் சேர, இதனிலும் சிறந்த உபாயம் இல்லை. வயலுக்குச் செய்த அந்த உபகாரத்தை, ஆண்டில் ஒரு முறையாவது புற்றரைக்கும் செய்யலாம்.

காற்றிலுள்ள நைதரசனைக் கூலியின்றிப் பிடித்துத் தரும் வேலையாட்களும் உண்டு. அவரை இனத்துத் தாவரங்களின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் அத்தொழிலைச் செய்கின்றன. புல்லோடு சென்றோசீமா, பியூராரியா போன்ற கொடிகளையும், உலர்ந்த பிரதேசங்களில் ஸ்டைலோசாந்தசையும், வேலியிற் சீமைக்கிளுவையையும் இப்பிலிப்பிலையும் வளர்த்தால், மாட்டுக்குப் புரதமும் மண்ணுக்கு நைதரசனும் கிடைக்கும். இவற்றுக்கு வேண்டியது பொசுபரசே. யூரியாவை மிகுதியாக இட்டால், புல் ஓங்கி இக்கொடிகளை மூடி அழித்துவிடும். ஆகவே கொடி கலந்த தரைக்கு யூரியாவைக் குறைத்துவிடுதல் நன்று.

இனி, தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட அந்த மூன்றாவது விளைவைப் பார்ப்போம். பச்சைப்புல் மாட்டைக் கொல்வது எவ்வாறு? வறட்சியில் வாடிய புல், மழை கண்டவுடன், மண்ணிலுள்ள நைதரசனை நைத்திரேற்று என்ற வடிவில் அள்ளி உறிஞ்சுகின்றது. யூரியாவும் மிகுதியாக இட்டிருந்தால் அது பன்மடங்காகின்றது. அதனைப் புரதமாக மாற்ற இளம்புல்லுக்குக் காலம் போதாது. அந்நிலையிற் பசித்த மாடு அதனை வயிறாரத் தின்றால், முதலிரைப்பையில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திற் கலந்து, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க இயலாதவாறு செய்துவிடுகின்றது. மாடு மூச்சுத் திணறித் தள்ளாடும். இரத்தம் கபில நிறமாக மாறும். சில மணி நேரத்தில் இறந்தும்போகும். உடனே அழைக்கப்பட்டால் கால்நடை வைத்தியர் மெதிலீன் நீலத்தை ஊசி மூலம் ஏற்றிக் காப்பாற்றக் கூடும். ஆனால் வருமுன் காப்பது எளிது. பசளையிட்ட துண்டில் மூன்று வாரத்துக்கு மாட்டை விடலாகாது. பசியோடு வந்த மாட்டுக்கு முதலில் வைக்கோல் கொடுத்துப் பின்னரே இளம்புல்லில் விட வேண்டும். புல்லுக்கு நான்கு வார ஓய்வு கொடுப்பவர், தம்மையறியாமலே மாட்டின் உயிரையும் காத்துக்கொள்கின்றார்.

யூரியா மூடையும் ஆபத்தானது. உப்பென்று எண்ணி மாடு அதனை நக்கும். சிறிது நேரத்தில் வயிறு உப்பி, உடல் நடுங்கி, வீழ்ந்துவிடும். யூரியா கரைத்த வாளியும், தரையிற் சிந்திய மணிகளும், கழுவாத சாக்கும் அத்தகையனவே. பசளையை மாடு எட்டாத இடத்திற் பூட்டி வைப்பது கமக்காரர் வீட்டின் முதற் கடமை.

கோடைக்காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வரண்ட வலயத்துப் புல் உறங்குகின்றது. அப்போது பசளை இடுதல் வீண்; வேர் வரை மேய விடுதல் அதனிலும் கேடு. அந்நாட்களுக்கென வைக்கோலைப் போராக வேய்ந்து வைத்தல், மழைக்கால மிகைப்புல்லை உலர்த்தியோ குழியிலிட்டுப் பதனப்படுத்தியோ சேமித்தல், சீமைக்கிளுவைக் குழையும் கிழித்த பனையோலையும் கொடுத்தல் ஆகியவை கைகொடுக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்து தரை பச்சையானவுடன், மாட்டை அவிழ்த்துவிடக் கை துடிக்கும். அந்த இரண்டு மூன்று வாரம் பொறுத்தவர்க்கே அவ்வாண்டு முழுவதும் புல் உண்டு. அப்போது கடிபட்ட துளிர், பழைய சேமிப்பின் கடைசிக் காசு.

மட்டக்களப்பிலும் வன்னியிலும் பெரும்பட்டி வைத்திருப்போருக்கு இது மேலும் கடினமான சோதனை. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் வயற்புறத்தில் மாட்டுக்கு இடமில்லை. தொலைவிலுள்ள மேய்ச்சற்றரைகளுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். அத்தரைகளோ சுருங்கி வருகின்றன. எஞ்சியிருப்பது பொதுத்தரை, அங்கு ஒருவர் மட்டும் புல்லுக்கு ஓய்வு கொடுத்தால், மற்றொருவருடைய மாடு அதனை மேய்ந்துவிடும். ஆகவே பண்ணையாளர் சங்கமாகக் கூடி, எந்தப் பகுதி எந்த மாதத்தில் மூடப்படும் என்பதைத் தீர்மானித்து, எல்லாரும் ஒருங்கே அதற்கு அமைந்து நடத்தல் வேண்டும். மேய்ச்சற்றரையை எல்லையிட்டுத் தருமாறு கேட்பவர்களுக்கு, உள்ள தரையைப் பேணுவதாகிய இந்த ஒழுங்கு வலுவான சான்றுமாகும்.

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் நம் நாட்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டதும், அடுத்த ஆண்டில் யூரியாவின் விலை பன்மடங்கு ஏறியதும் நேயர்கள் நினைவில் இருக்கும். பசளையே வேண்டாம் என்பதோ, பசளையின்றி எதுவுமே ஆகாது என்பதோ அவ்வனுபவத்தின் பாடமன்று. மூடை கிடைக்கும் ஆண்டும் உண்டு, கிடைக்காத ஆண்டும் உண்டு. ஓய்வு பெற்ற வேரும், திரும்பி வரும் சாணமும், வேலியில் நிற்கும் குழையும் எந்த ஆண்டிலும் உண்டு. இவற்றை முதலில் ஒழுங்குபடுத்திக்கொண்டவர், வாங்கிய ஒவ்வொரு கிலோவுக்கும் பலன் காண்பார். பால்மாவுக்கு இன்றும் வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருக்கும் நமக்கு, அது சிறிய ஆதாயமன்று.

இவையனைத்தையும் ஒரே நாளிற் செய்துவிட இயலாது. வருகின்ற மழைக்காலத்தில் உங்கள் தரையின் ஒரு மூலையில், நான்கு பரப்பை மட்டும் மறித்து, நான்கு வாரம் மாடு புகாமல் வைத்துப் பாருங்கள். அதன்பின் ஒரு சதுர மீற்றரை அங்கும், மறியாத இடத்தில் இன்னொன்றையும் வெட்டி நிறுத்துப் பாருங்கள். தராசு காட்டும் வேறுபாட்டைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன் பின்னர் எத்தனை துண்டு, எத்தனை கிலோ பசளை என்பதைத் தீர்மானியுங்கள்.